மீட்டரில் 700, கம்பியில் எவ்வளவு?

தொழிற்கூடம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்குக் கம்பி அனீலிங் உலைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். இழுத்துக் கடினமான கம்பியைப் பெரும்பாலும் மூடிய பானைக்குள் வைத்துச் சூடாக்கி, ஆற்றி, மென்மையாக்கும் வேலை இது. பாடநூலில் இதற்குப் பெயர் காய்ச்சி ஆற்றுதல். பட்டறையில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் அனீலிங் என்றே எழுதுகிறோம்.

கேள்வி: 20 கேஜ் கட்டுக்கம்பி, பானைக்கு 500 கிலோ. 700 டிகிரியில் மூன்று மணி நேரம் வைக்கிறோம். வெளிச்சுற்று நன்றாக வளைகிறது. உள்சுற்று ஸ்பிரிங் மாதிரி துள்ளுகிறது. செட்டிங்கை 760க்கு ஏற்றிப் பார்த்தோம். வெளிச்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, உள்ளே மட்டும் அதே முறுக்கு. என்ன செய்வது? – வாசகர், கோவை

பதில்: மீட்டர் காட்டும் 700 உலைச் சுவரின் சூடு. சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் தெர்மோகப்பிள் ஹீட்டருக்குப் பக்கத்தில், பானைக்கு வெளியே நிற்கிறது. அதற்கும் உங்கள் உள்சுற்றுக்கும் நடுவே ஒரு காற்று இடைவெளி, பானைத் தகடு, இன்னொரு இடைவெளி, அப்புறம் நூற்றுக்கணக்கான சுற்றுகள். சுற்றும் சுற்றும் நூலிழை அளவுக்குத்தான் தொட்டுக்கொள்கின்றன, மிச்சமெல்லாம் வாயு நிரம்பிய சந்து. கெட்டி இரும்பில் பாய்வதுபோல் சூடு இதற்குள் பாயாது. சுவர் 700ஐத் தொட்ட நிமிடத்திலிருந்து நீங்கள் மணி எண்ணுகிறீர்கள். உள்சுற்றோ அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியை ஏறுவதிலேயே கழித்துவிடுகிறது.

நன்றாக இழுத்த குறைகார்பன் கம்பியில் புதிய படிகங்கள் முளைக்கத் தொடங்குவதே 500, 550 டிகிரி வாக்கில்தான். உற்பத்தியில் நம்பிச் செய்ய வேண்டுமானால் கம்பியே 670 முதல் 700 வரை ஏறி, அங்கே ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். 540இல் நின்றுவிட்ட உள்சுற்று அரைவேக்காடு.

மூடி வழியாக, அடி அடைத்த எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் ஒன்றை அடுக்கின் உள்சுற்றை ஒட்டி இறக்கி வெல்டு வையுங்கள். குழாயின் நுனி அடுக்கின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும், பெரும்பாலும் அங்கேதான் சூடு பிந்துகிறது. அதற்குள் இரண்டாவது தெர்மோகப்பிள். சுவரை 710, 720இல் நிறுத்தி, உள் தெர்மோகப்பிள் 670ஐத் தாண்டிய பிறகு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் எண்ணுங்கள். சுவர் மீட்டரைப் பார்த்து எண்ணுவதை விட்டுவிடலாம்.

760க்குப் போனது வீண் வேலை. 727 டிகிரியைத் தாண்டினால் எஃகின் உள்ளமைப்பே மாறத் தொடங்கும். 0.08 சதவீதக் கார்பன் கம்பியில் அதனால் கடினம் ஏறாது. ஆனால் வெளிச்சுற்றின் படிகங்கள் ஊதிப் பெருக்கும், சுற்றுகள் ஒட்டும், பானை சீக்கிரம் தொங்கும். உள்ளே போகாத சூட்டை வெளியே கூட்டி என்ன பயன்?

அடுக்கும் முறையிலும் கொஞ்சம் திருத்தம் வேண்டும். நடுவில் வெற்றிடம் உள்ள ஸ்டாண்டில் காயில்களை ஏற்றுங்கள். காயிலுக்கும் பானைச் சுவருக்கும் 40, 50 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இரண்டு காயிலுக்கு நடுவே கம்பித்துண்டு வைத்துச் சந்து விடுங்கள். தடிமனான ஒரு காயிலைவிட மெல்லிய இரண்டு காயில் சீக்கிரம் வேகும். மூடிக்கு அடியில் செராமிக் ஃபைபர் அடைப்பு இல்லாவிட்டால் மேல்காயிலும் அடிக்காயிலின் கதிக்கு வரும். புது உலை வாங்குபவர்கள் மேல், நடு, கீழ் என்று மூன்று மண்டலமும் தனித்தனிக் கண்ட்ரோலரும் கேட்டு வாங்குங்கள். பானைக்குள் வாயுவைச் சுழற்றும் விசிறி அடித்தளத்தில் இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது, விலைதான் இடிக்கும்.

கேள்வி: கம்பியை இழுத்தால் ஏன் கடினமாகிறது? சூடாக்கினால் எப்படி மறுபடி மெத்தென்று ஆகிறது? – பாலிடெக்னிக் மாணவர், சேலம்

பதில்: 5.5 மி.மீ. ராடிலிருந்து 20 கேஜ், அதாவது 0.914 மி.மீ. கம்பி வரை இழுத்தால் குறுக்குப் பரப்பு 36 மடங்கு சுருங்குகிறது. ஒரு மீட்டர் ராடு 36 மீட்டர் கம்பியாகிறது. இவ்வளவு நீட்சியும், அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் வருவது. அந்த வழுக்கலைச் சுமந்து செல்பவை டிஸ்லொகேஷன் எனப்படும் அடுக்குக் குறைகள். கம்பியை மெலிய வைக்கும் துளை அச்சான டையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவை பெருகி ஒன்றையொன்று மறிக்கின்றன. கூட்டம் கூடிய சந்தில் யாரும் நகர முடியாத நிலை. அதுதான் கடினம்.

சூடாக்கும்போது மூன்று கட்டம். முதலில் உள் இறுக்கம் தளர்கிறது, கடினம் அதிகம் குறையாது. அடுத்து, நசுங்கி நீண்ட பழைய படிகங்களின் நடுவே குறையற்ற புதிய படிகங்கள் முளைத்துப் பழையதை விழுங்குகின்றன. கம்பி மென்மையாவது இங்கேதான். மூன்றாவது, புதியவை ஒன்றையொன்று விழுங்கிப் பெருப்பது. இது நமக்கு வேண்டாதது, அளவுமீறினால் வளைக்கும்போது கம்பியின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும். அதிகம் இழுத்த கம்பி குறைந்த சூட்டிலேயே இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சார்ஜில், அதாவது ஒரு தடவை உலையில் ஏற்றும் சுமையில், 16 கேஜும் அதைவிட மெல்லிய 22 கேஜும் கலந்து வைத்தால் பதம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நைட்ரஜன் விட்டும் கம்பி சில நாள் கரி படிந்து வருகிறது, சில நாள் நீலம் பாய்ந்து வருகிறது. நைட்ரஜன் தரம் சரியில்லையா? – வாசகர், மதுரை

பதில்: கரியும் நீலமும் வேறு வேறு நோய். சிலிண்டரை மாற்றி இரண்டையும் தீர்க்க முடியாது.

கரி வருவது டை பெட்டியில் போடும் சோப்புத் தூளிலிருந்து. அது கால்சியம் அல்லது சோடியம் ஸ்டியரேட். காற்றில்லாத பானையில் எரிய வழியில்லாமல் சிதைந்து, கரியாகக் கம்பிமேல் உட்கார்ந்துவிடுகிறது. 300 முதல் 400 டிகிரிக்குள் ஏற்றத்தைக் கொஞ்சம் நிறுத்தி, வெளிவழிக் குழாயைத் திறந்து, நைட்ரஜனைத் தாராளமாக ஓட விடுங்கள். புகை அடங்கிய பிறகு மேலே ஏற்றலாம். வெளிக்குழாய் அடிக்கடி பிசினால் அடைபடும், வாரம் ஒருமுறை கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். கடைசி டைக்குப் பின்னால் ஒரு துடைப்பான் வைத்தாலே பாதிச் சோப்பு பானைக்கு வராது.

நீலம் என்பது மெல்லிய ஆக்சைடு படலம். இது சூடேறும்போது வருவதில்லை, ஆறும்போது வருகிறது. கணக்குப் பாருங்கள்: 700 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஆறினால் பானைக்குள் இருக்கும் வாயு முன்பிருந்த அளவில் 38 சதவீதமாகச் சுருங்கிவிடும். மிச்ச இடத்தை எது நிரப்பும்? நீங்கள் நைட்ரஜன் கொடுக்காவிட்டால் மூடி இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். பல இடங்களில் உலையை அணைத்ததும் நைட்ரஜனையும் மூடிவிடுகிறார்கள், சிக்கனம் என்று நினைத்து. மூட வேண்டிய நேரம் அதுவல்ல. பானை ஆறி முடியும்வரை உள்ளே சிறிது மிகையழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிக்குழாய் நுனியைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை மூழ்க வைத்தால் குமிழி வருகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி நின்று தண்ணீர் குழாய்க்குள் ஏறினால் உடனே வாயுவைக் கூட்டுங்கள். அந்தத் தண்ணீர் சூடான பானைக்குள் போனால் நீலம் சின்ன விஷயமாகிவிடும்.

மூடியைக் களிமண்ணால் பூசுவதானால் காய்ந்து வெடித்த இடத்தை ஒவ்வொரு சார்ஜிலும் பாருங்கள். ரப்பர் கேஸ்கட் என்றால் விளிம்பில் தண்ணீர் ஓட்டம் கட்டாயம், சிலிக்கோன் ரப்பரே 200 டிகிரிக்கு மேல் நீடிக்காது. கம்பி 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். இதற்கும் உள் தெர்மோகப்பிள்தான் சாட்சி. வெளியே பானைத் தகடு கை வைக்கிற அளவுக்கு ஆறியிருக்கும், உள்சுற்று 200இல் இருக்கும்.

நைட்ரஜனே இல்லாத சிறு கூடங்களில் பானைக்குள் இரண்டு பிடி மரக்கரி போடுவார்கள். மிச்ச ஆக்சிஜனை அது தின்றுவிடும், கறுப்புக் கட்டுக்கம்பிக்குப் போதும். ஆனால் வருவது கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். அடைத்த கொட்டகையில் அந்தப் பானையைத் திறக்கவே கூடாது.

கேள்வி: எஃகுக் கம்பிக்கு வைத்திருக்கும் அம்மோனியா கிராக்கர் வாயுவையே செம்புக் கம்பிக்கும் விட்டோம். கம்பி பளபளவென்று வந்தது. ஆனால் நாலு தடவை வளைத்தால் ஒடிகிறது. சூடு போதவில்லையா? – மோட்டார் வைண்டிங் கம்பி தயாரிப்பாளர், கோவை

பதில்: சூடு குறைவு காரணமில்லை. ஹைட்ரஜன் தாக்கியிருக்கிறது. அம்மோனியாவைச் சூட்டில் சிதைத்துப் பெறும் கிராக்கர் வாயுவில் நாலில் மூன்று பங்கு ஹைட்ரஜன். மின்தொழிலில் ஓடும் சாதாரணச் செம்பில் 0.02 முதல் 0.04 சதவீதம் வரை ஆக்சிஜன், செம்பு ஆக்சைடாக உட்கார்ந்திருக்கும். 400 டிகிரிக்கு மேலே ஹைட்ரஜன் செம்புக்குள் சுலபமாக ஊடுருவி அந்த ஆக்சிஜனைப் பிடித்து நீராவியாகிறது. நீராவி பெரிய மூலக்கூறு, வந்த வழியே வெளியேற முடியாது. படிக எல்லைகளைப் பிளந்துகொண்டு உள்ளேயே நிற்கிறது. மேலே பளபளப்பு, உள்ளே விரிசல்.

அந்தக் கம்பியை மறுபடி எந்த உலையில் வைத்தாலும் மீளாது. உருக்கத்தான் அனுப்ப வேண்டும். அதே சார்ஜில் வந்த, பார்க்க நன்றாக இருக்கும் காயில்களையும் எனாமல் பூச அனுப்பாதீர்கள்.

இனிமேல் நைட்ரஜன் மட்டும். பானையை வெற்றிடமாக்கி நைட்ரஜனால் நிரப்பி, மறுபடி வெற்றிடமாக்கி நிரப்பி, அப்புறம் சூடேற்றுங்கள். ஹைட்ரஜன்தான் வேண்டுமென்றால் ஆக்சிஜனற்ற செம்பு வாங்க வேண்டும், விலை கூட. செம்புக்குச் சூடும் அதிகம் தேவையில்லை. கடினமாக இழுத்த கம்பிக்கு 350 முதல் 450 டிகிரி போதும். மெல்லிய கம்பியை 350 பக்கமே வைத்து நேரத்தைக் கூட்டுங்கள். ஸ்பூலில் இறுக்கிச் சுற்றிய மெல்லிய கம்பி 450க்கு மேலே போனால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அறும். அனீலிங்குக்குப் போகும் ஸ்பூலைத் தளர்வாகச் சுற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே வெற்றிடப் பானையில் பித்தளைக் கம்பியும் வைக்கலாமா? – அதே வாசகர்

பதில்: வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் உலோகம், வெற்றிடத்தில் அதற்கு வெகு கீழேயே ஆவியாகிப் பிரியும். பித்தளை சிவந்து போகும், போன துத்தநாகம் மூடியிலும் பம்பிலும் படியும். வெற்றிடமில்லாமல் நைட்ரஜனில் 450 முதல் 600 வரை வைத்துச் செய்யுங்கள். கிராக்கர் பக்கம் பித்தளையைக் கொண்டுபோகவே வேண்டாம். சிதையாமல் கசிந்து வரும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால், உள் இறுக்கம் மிச்சமுள்ள பித்தளை தானாகவே வெடிக்கும்.

கேள்வி: 500 கிலோ பானைக்கு 60 கிலோவாட் போதும் என்கிறார் உலை செய்பவர். மின் கட்டணம் டன்னுக்கு எவ்வளவு யூனிட் வரும்? – வாசகர், ஈரோடு

பதில்: எஃகை 700 டிகிரிக்கு ஏற்றக் கிலோவுக்குச் சுமார் 0.12 யூனிட். 500 கிலோவுக்கு 60 யூனிட். இதோடு கணக்கை நிறுத்திவிட்டு டன்னுக்கு 120 என்று சொல்பவர்கள் உண்டு. பானையை யார் சூடாக்குவது? 310 தர எஸ்.எஸ். பானை 350 கிலோ, ஸ்டாண்டு 100 கிலோ என்று வைத்தால் அதற்கே ஏறத்தாழ 47 யூனிட். சுவர் வழியே மணிக்கு 6 யூனிட் வீதம் ஐந்து மணி நேரம் போனால் 30. மொத்தம் 137, டன்னுக்கு 274.

60 கிலோவாட் போதும். சுவர் இழப்பு போக 54 மிஞ்சும், கம்பிக்கும் பானைக்கும் வேண்டிய 107 யூனிட்டை இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். அதைவிட வேகமாகக் கொடுத்தாலும் முதல் பதிலில் சொன்னபடி உள்சுற்று வாங்கிக்கொள்ளாது. 90 கிலோவாட் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பானையின் எடைதான். அலைவடிவத் தகட்டில் செய்த பானை, தகடு மெலிந்தாலும் விறைப்பாக நிற்கும். இரண்டு பானை வைத்துக்கொண்டு, ஒன்று ஆறும் குழியில் இருக்கும்போது அடுத்தது சூடான உலைக்குள் இறங்கட்டும், உலை ஆறவே கூடாது. உள் பூச்சு செங்கல் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை முடிந்து அதைச் சூடாக்குவதே ஒரு செலவு. 1260 தரச் செராமிக் ஃபைபர் போர்வை, கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி உள்ளது, சுவருக்கு நல்ல தேர்வு. பொருத்தும்போதும் பிரிக்கும்போதும் முகமூடி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

கேள்வி: புது தெர்மோகப்பிள் போட்டதிலிருந்து எல்லாச் சார்ஜும் ஒட்டுகிறது. மீட்டர் 700தான் காட்டுகிறது. – வாசகர், திருச்சி

பதில்: தெர்மோகப்பிளை மீட்டரோடு இணைக்கும் காம்பன்சேட்டிங் கேபிளைப் பாருங்கள். இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். ஒரு முனையில் மட்டும் மாறினால் சூடேற ஏற மீட்டர் கீழே இறங்கும், உடனே பிடிபட்டுவிடும். இரண்டு முனையிலும் மாறினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். தெர்மோகப்பிளின் தலை (உலைக்கு வெளியே கேபிள் சேரும் இடம்) 60 டிகிரியிலும் மீட்டர் உள்ள பேனல் 30 டிகிரியிலும் இருந்தால் வித்தியாசம் 30. மீட்டர் அதுபோல் இருமடங்கு, 60 டிகிரி குறைத்துக் காட்டும். மீட்டரில் 700 என்றால் உலை 760. கேபிளுக்குப் பதில் வெறும் செம்பு ஒயர் போட்டிருந்தால் 30 டிகிரி பிழை. கோடையில் தலைப்பக்கம் காந்தும்போது பிழை இன்னும் கூடும். கே வகைத் தெர்மோகப்பிளுக்குக் கே வகைக் கேபிள்தான் போட வேண்டும், கிடைத்ததைப் போடக்கூடாது.

கேள்வி: 304 எஸ்.எஸ். கம்பியைக் குழாய் உலையில் ஓட்டுகிறோம். 1050 டிகிரி, கிராக்கர் வாயு. பளபளப்பு இல்லாமல் சாம்பல் பச்சையாக வருகிறது. – வாசகர், ஓசூர்

பதில்: பச்சை என்றால் குரோமியம் ஆக்சைடு, அதாவது வாயுவில் ஈரம். பனிநிலை, அதாவது வாயுவில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் சூடு, மைனஸ் 40 டிகிரிக்காவது இறங்கியிருக்க வேண்டும், மைனஸ் 50 என்றால் நிம்மதி. அளப்பது எங்கே என்பதுதான் கேள்வி. கிராக்கர் வாயிலில் அளந்தால் எப்போதும் நன்றாகவே இருக்கும், உலைக் குழாயின் வெளிவாயில் அளந்து பாருங்கள். அங்கே மோசமாக இருந்தால் ஆறும் குழாயின் தண்ணீர் ஜாக்கெட்டில் ஊசித்துளை இருக்கலாம், கம்பி நுழையும் வாயில் காற்று உறிஞ்சப்படலாம், இழுவைச் சோப்பு கழுவப்படாமல் வரலாம். இரண்டு இடத்திலும் மோசம் என்றால் உலர்த்தியில் ஈரத்தை உறிஞ்சும் சல்லடைப் பொருள் நிறைந்துவிட்டது.

ஓட்ட வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு: விட்டத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் எண்ணை மாறாமல் வையுங்கள். 1 மி.மீ. கம்பி நிமிடத்துக்கு 10 மீட்டர் நன்றாக வந்தால் 2 மி.மீ. கம்பிக்கு 5 மீட்டர். ஆறும்போது 850க்கும் 450க்கும் இடையே கம்பி தாமதிக்கக்கூடாது, தாமதித்தால் படிக எல்லையில் குரோமியம் கார்பைடு படிந்து பின்னால் துருப்பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவிலும் வெடிக்கும். கிராக்கர் வாயுவைத் திறக்குமுன் குழாயின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு நைட்ரஜன் ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். நிறுத்தும்போதும் அதேபோல் நைட்ரஜனால் ஹைட்ரஜனைத் துரத்திய பிறகே காற்றைப் பட விடலாம். வெளிவாய்ச் சுடர் எப்போதும் எரிய வேண்டும். மின்சாரம் போனால் நைட்ரஜன் வால்வு தானாகத் திறக்கும் வகையில் இருக்க வேண்டும்; மின்சாரம் இருந்தால்தான் திறக்கும் வால்வு உதவாது.

கேள்வி: இழுவிசை இயந்திரம் இல்லை. பதம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? – வாசகர், சேலம்

பதில்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கம்பிப் பானைக்குப் பொருந்தாது. மேல், நடு, அடிக் காயில்களில் உள்சுற்றிலும் வெளிச்சுற்றிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு துண்டு வெட்டுங்கள்.

ஒவ்வொன்றிலும் 250 மி.மீ. இடைவெளியில் இரண்டு குறி வையுங்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைத் திருகு வைத்த பிடியால் மெதுவாக, உதறாமல் அறும்வரை இழுங்கள். அறுந்த இரண்டையும் முனை சேர்த்து வைத்துக் குறிகளை அளந்தால் நீட்சி தெரியும். 310 மி.மீ. என்றால் 24 சதவீதம். குறிகளுக்கு வெளியே, பிடிக்குள் அறுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணைவிட ஆறு துண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முதலில் பாருங்கள். ஐந்து துண்டு 22க்கு மேல் வந்து, அடிக்காயில் உள்சுற்று மட்டும் 9 வந்தால், அந்தச் சார்ஜின் பதம் 9தான்.

கட்டுக்கம்பிக்கு இன்னும் எளிய வழி உண்டு. 12 மி.மீ. முறுக்குக் கம்பி இரண்டைக் குறுக்கே வைத்து, கொக்கியால் கட்டி முறுக்கச் சொல்லுங்கள். கொக்கியைப் பிடிக்க உங்கள் ஆளை விடாமல், கம்பி கட்டுகிறவர் ஒருவரையே கூப்பிடுங்கள். எத்தனையாவது சுற்றில் அறுகிறது, விட்டதும் எவ்வளவு பின்னால் துள்ளுகிறது என்று ஆறு துண்டுக்கும் எழுதி, பக்கத்தில் அந்தச் சார்ஜின் உள் தெர்மோகப்பிள் அளவையும் நேரத்தையும் எழுதிவாருங்கள்.